பழவேற்காட்டுக் கட்டமும் நம்ம "இன்ஸ்பிரேஷனும்"

ஏதாவது ஒரு ஆன்லைன் கடையில "ஹேண்ட்லூம் இன்ஸ்பயர்டு"னு தேடிப் பாருங்க. பாலியஸ்டர் துணி மேல நெசவுக் கட்டத்தை அச்சடிச்ச குஷன் கவர் வரும். ஓலைப் பின்னல் மாதிரியே வார்த்தெடுத்த பிளாஸ்டிக் கூடை வரும். காஞ்சிபுரம் கரையை அப்படியே பிரிண்ட் போட்ட புடவை வரும். எல்லாத்துக்கும் கீழ "நம்ம கைவினைஞர்களால ஈர்க்கப்பட்டு உருவானது"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எந்தக் கைவினைஞர், எந்த ஊர், அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு என்ன போச்சு, இதெல்லாம் இருக்காது. எனக்கு எரிச்சல் வர்றது அந்தப் பொருள் மேல இல்லங்க, அந்த வரி மேல. மலிவா ஒரு குஷன் கவர் விக்கிறது யாருக்கும் கெடுதல் இல்ல. ஆனா "ஈர்க்கப்பட்டு"ன்னு சொல்லணும்னா அதுக்கு ஒரு தகுதி வேணும். கையால செய்யுறவங்க கிட்டேர்ந்து டிசைனுக்கு யோசனை எடுக்கிறதுன்னா என்ன, அதை எப்படி எடுத்தா நமக்கும் உருப்படி, அவங்களுக்கும் நியாயம்னுதான் இந்தப் பதிவு முழுக்கப் பேசப்போறேன். (நீளமான பதிவு. டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு கைவினைப் பொருளோட டிசைன்ங்கிறது அதோட மேல்தோற்றம் மட்டும் கிடையாது. நூல், ஓலை, சாயம், உலோகம்னு கையில இருக்கிற பொருள் என்ன செய்ய விடும், என்ன செய்ய விடாதுன்னு தெரிஞ்ச ஒருத்தர் எடுத்த முடிவுகளோட தொகுப்புதான் அது. தோற்றத்தை மட்டும் படம் பிடிச்சு எடுத்துட்டுப் போனா, அந்த முடிவுகள் அத்தனையும் தறியிலயே தங்கிடும். முடிவுகளைக் கத்துக்கணும்னா செஞ்சவங்ககிட்ட போய்த்தான் ஆகணும். அப்படிப் போறப்ப அவங்க பேரும் கூலியும் தானாவே நம்ம கணக்குக்குள்ள வந்துடும். அதனால, நல்ல டிசைனும் நியாயமான நடத்தையும் ரெண்டு தனித்தனி விஷயம்னு நான் நினைக்கலை. ஒண்ணைச் சரியா செய்யப்போனா இன்னொண்ணு கூடவே வரும்.

எங்க திருவாலங்காட்டுல இருந்தே ஆரம்பிக்கலாம். அரக்கோணம் ரயில்ல போறவங்க இந்த ஸ்டேஷன் பேரைப் பார்த்திருப்பீங்க. காரைக்கால் அம்மையார் முக்தி அடைஞ்ச ஊர், நடராஜரோட அஞ்சு சபைகள்ல ரத்தின சபை இருக்கிற ஊர். இந்த ஊர்ப் பேரைத் தாங்கின சோழர் கால நடராஜர் வெண்கலம் ஒண்ணு இப்ப எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல இருக்கு. பிரெஞ்சு சிற்பி ஆகுஸ்த் ரொதான் இந்தியாவுக்கு வந்ததே இல்ல. இந்தச் சிலையோட புகைப்படங்களைத்தான் பார்த்தார். பார்த்துட்டு 1913 வாக்குல சிவனோட நடனத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917ல இறந்தப்புறம், 1921ல அது அச்சாச்சு. இதுல எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணு இருக்கு. அவர் உடனே உக்காந்து தன் பட்டறையில ஒரு நடராஜரைச் செய்யலை. உதடு எப்படி இருக்கு, உடம்பு எப்படித் திரும்புது, வெளிச்சமும் நிழலும் எங்க விழுதுன்னு ஒவ்வொரு பாகமா நின்னு பார்த்திருக்கார். படத்தை வச்சே அவ்வளவு தூரம் போக முடிஞ்சதுன்னா, அதுக்குக் காரணம் அவரும் வாழ்நாள் முழுக்கக் களிமண்ணைக் கையில பிசைஞ்சவர். செய்யுறவங்களோட பார்வை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. நம்மள்ல பல பேருக்கு அது கிடையாது. அதனாலதான் நமக்குப் படம் மட்டும் போதாது.

ஒரு உதாரணத்தை எடுத்து விரிவாப் பார்ப்போம். மெட்ராஸ் கட்டம், உலகமே தெரிஞ்சு வச்சிருக்கிற அந்தக் கட்டம் போட்ட பருத்தித் துணி. நம்ம மாவட்டத்துக் கிழக்கு மூலையில இருக்கிற பழவேற்காடு இந்தத் துணி வியாபாரத்தோட பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணா இருந்தது. இந்தக் கட்டத்தை யாரும் துணி மேல வரையறது கிடையாது. நூலை முதல்லயே சாயம் போட்டு, எந்த நிறத்துல எத்தனை இழைன்னு எண்ணிப் பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டுவாங்க. அப்புறம் குறுக்க ஓடுற ஊடையிலயும் அதே மாதிரி எண்ணி, நிறம் மாறுற இடத்துல ஊடையை ஓட்டுற நாடாவை மாத்துவாங்க. செகப்புப் பாவு மேல செகப்பு ஊடை வந்தா முழுச் செகப்பு. செகப்பு மேல நீலம் வந்தா ரெண்டும் கலந்து, தள்ளி நின்னு பார்த்தா ஊதா மாதிரி ஒரு நிறம். மூணே மூணு நிற நூல் வச்சிருக்கிற நெசவாளிக்குத் துணியில ஆறு நிறம் கிடைக்கும்: மூணு தனி நிறம், மூணு கலப்பு நிறம். நாலு நூல் இருந்தா பத்து. சாயப் பானை அதிகமில்லாத வீட்டுல பல நிறத் துணி நெய்யிறதுக்கான கணக்கு இது. அழகுக்காக மேல சேர்த்த சங்கதின்னு எதுவுமே இதுல கிடையாது. இருக்கிறதை வச்சு அதிகமா எடுக்கிற புத்திசாலித்தனம்தான் அழகா நம்ம கண்ணுக்குத் தெரியுது.

இப்ப அதே கட்டத்தை அச்சடிக்கிற கதையைப் பாருங்க. அச்சுல அந்த ஊதா ஏன் அங்க இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். ஊதாவுக்குன்னு தனியா ஒரு மை ஊத்தினாப் போதும். எந்த நிறம் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் வைக்கலாம். எல்லாம் செய்யலாம்ங்கிறப்ப கண்ணு எதையும் நம்பாது. பாவும் ஊடையும் போட்ட கட்டுப்பாட்டால வர்ற ஒழுங்கு அச்சுல தானா வராது, அதைத் திருடித்தான் கொண்டு வரணும். துணியைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் புரிஞ்சுடும். நெய்த கட்டம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அச்சடிச்சது பெரும்பாலும் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். (கடையில நின்னு துணியைத் திருப்பிப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.) காஞ்சிபுரம் கோர்வைப் புடவையிலயும் இதே பாடம்தான். சாதாரணமா நெய்தா உடலோட ஊடை கரைக்குள்ளயும் ஓடி, கரையோட நிறத்தைக் கலங்க வச்சிடும். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா போட்டு, சேர்ற இடத்துல ரெண்டு ஊடையையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டி நெய்யிறதுதான் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை முழு அடர்த்தியா வேற நிறம்ங்கிற அந்தப் பளீர் அழகு அந்த உழைப்பால வந்தது. பிரிண்ட் புடவையில அந்தக் கரையை மட்டும் நகலெடுத்தா, கேள்வியை விட்டுட்டு விடையை மட்டும் காப்பியடிச்ச பரீட்சைப் பேப்பர் மாதிரி ஆயிடும்.

சரி, அப்ப யாரும் யார்கிட்டேர்ந்தும் எடுக்கவே கூடாதான்னு கேட்டா, பழவேற்காட்டு வரலாறே "தாராளமா எடுக்கலாம்"னுதான் சொல்லுது. டச்சுக்காரங்க 1610ல இங்க வியாபாரத்துக்கு அனுமதி வாங்கினாங்க, 1613ல கெல்டிரியா கோட்டை எழும்பிச்சு, 1690ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் இதுதான். இங்க வாங்கின துணியைத்தான் இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்கு மாத்தினாங்க. எந்தத் தீவுல எந்தக் கட்டம், எந்தக் கரை, எந்த நிறம் போகும்னு மாதிரித் துணி அனுப்பி, அதுக்கு ஏத்த மாதிரி இங்க நெய்ய வச்சாங்க. அதாவது நம்ம நெசவாளிங்க நானூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளிநாட்டு வாடிக்கையாளரோட ரசனையைப் படிச்சு நெய்தவங்க. மலேசியாவுல இன்னைக்கும் ஆண்கள் கட்டுற கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிகட்"னு பேரு, பழவேற்காட்டோட பேர்தான் அது. ஊர்ப் பேர் கடல் தாண்டிப் போய் உசுரோட இருக்கு. நெய்த ஒருத்தர் பேர் கூட அந்தப் பேரோட சேர்ந்து போகலைங்கிறதையும் கவனிச்சுக்கோங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

எடுத்தா எப்படி எடுக்கணும்ங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச சிறந்த சாட்சி மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கு. மெட்ராஸ் கைக்குட்டைன்னு வியாபாரத்துல பேர் வாங்கின இந்தத் துணி, நைஜீரியாவோட நைஜர் கழிமுகத்துல வாழற கலபாரி மக்கள்கிட்ட போய்ச் சேர்ந்தது. அவங்க அதை "இஞ்சிரி"ன்னு கூப்பிட்டாங்க. சடங்குகள்ல முக்கியமான இடம் கொடுத்தாங்க. அதோட நிக்கலை. கலபாரிப் பெண்கள் ஊசியால வெளிர் நிற இழைகளைத் தூக்கி, பிளேடு மாதிரி ஒரு சின்னக் கத்தியால வெட்டி உருவி எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிற அடர் நிற இழைகள் சேர்ந்து புதுசா ஒரு உருவம் காட்டும். "பெலெத்தே பிதே"ன்னு இதுக்குப் பேரு. நம்ம ஊர்க்காரர் இழையைச் சேர்த்து டிசைன் பண்ணார், அவங்க இழையை எடுத்து டிசைன் பண்ணாங்க. இழையை எண்ணத் தெரியாம இதைச் செய்யவே முடியாது. நெசவாளியோட கணக்கைத் தலைகீழாப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டவங்களால மட்டும்தான் முடியும். ஆய்வாளர்கள் ஜோவான் ஐக்கரும் டோன்யே எரெகோசிமாவும் இதைப் பத்தி 1981ல எழுதினப்ப நாலு படியாப் பிரிச்சாங்க: தேர்ந்தெடுக்கிறது, தனக்குன்னு பேர் வைக்கிறது, தன் வாழ்க்கைக்குள்ள சேர்த்துக்கிறது, கடைசியா உருமாத்துறது. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. ஒவ்வொரு பெலெத்தே பிதேவுக்கும் முதல்ல ஒரு துணியை நெசவாளிகிட்டேர்ந்து விலைக்கு வாங்கியாகணும். அவங்க ஈர்ப்பு இங்க இருந்த தறியை ஓட வச்சது.

இதுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்க வேண்டிய கதை 1958ல நடந்தது. லீலா ஹோட்டல்களைப் பின்னாடி உருவாக்கின கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்ப கைத்தறித் துணி ஏற்றுமதி பண்ணிட்டிருந்தார். அமெரிக்க வியாபாரி வில்லியம் ஜேக்கப்சன் அவர்கிட்ட மெட்ராஸ் கட்டத் துணி வாங்கி, நியூயார்க்கோட பிரபல கடையான புரூக்ஸ் பிரதர்ஸுக்கு வித்தார். இயற்கைச் சாயத் துணி, பச்சைத் தண்ணியில பக்குவமாத் துவைக்கணும்ங்கிற எச்சரிக்கை வாங்கினவங்களுக்குப் போய்ச் சேரலை. மெஷின்ல போட்டதும் சாயம் போச்சு, புகார் குவிஞ்சது. கடைசியில அந்தக் "குறையையே" விளம்பரமாக்கினாங்க: சாயம் கட்டாயம் கசியும்னு உத்தரவாதமே கொடுத்தாங்க! ஒவ்வொரு துவைப்புக்கும் நிறங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து மெத்துனு மாறும், உங்க சட்டை மாதிரி இன்னொரு சட்டை இருக்காதுன்னு சொன்னதும் அமெரிக்க இளைஞர்கள் தேடி வாங்கினாங்க. பொருளோட இயல்பை மறைக்காம அதையே டிசைனா முன்னால வச்சது அசல் பாடம், அதை நான் மனசாரப் பாராட்டுறேன். ஆனா இந்தக் கதையில ஏற்றுமதியாளர் பேர் இருக்கு, இறக்குமதியாளர் பேர் இருக்கு, கடைப் பேர் இருக்கு. அந்த நூலுக்குச் சாயம் தோய்ச்சவர், அந்தக் கட்டத்தை எண்ணி வச்சவர் ஒருத்தர் பேரும் இல்ல. கசியுற சாயம் டிசைன்னா, அந்த டிசைனர் அவர்தானே?

இங்க ஒரு எதிர்வாதம் வரும், நியாயமானதுதான். "கைவினையில காலகாலமா எல்லாரும் எல்லாரையும் பார்த்துத்தான் செஞ்சாங்க. கட்டம் யாருக்குச் சொந்தம்? டச்சுக்காரன் மாதிரித் துணி அனுப்பி நெய்ய வச்சான்னு நீங்களேதானே சொன்னீங்க. அப்புறம் என்ன பேர், உரிமை?" உண்மைதான், கட்டத்துக்கு யாரும் பட்டா போட முடியாது. சட்டமும் அப்படித்தான் இருக்கு. 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டத்துல பதிவு பண்ணணும்னா அது புதுசா இருக்கணும், முன்னாடி வெளிய வந்திருக்கக் கூடாது. பத்து வருஷம் பாதுகாப்பு, மேல அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். பாட்டன் காலத்துக் கட்டம் அதுக்குள்ள நுழையவே முடியாது. 1999ல வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் பேரையும் ஊரையும் காப்பாத்தும், தோற்றத்தை நகலெடுக்கிறதைத் தடுக்காது. 2025 ஜூன்ல மிலான் மேடையில பிராடா நிறுவனம் காட்டின செருப்புல இது வெட்டவெளிச்சமாச்சு. அச்சு அசல் கோலாப்பூரிச் செருப்பு மாதிரி இருந்தது. கோலாப்பூரிக்கு 2019லயே குறியீடு கிடைச்சிருந்தது, ஆனா மேடையில அந்தப் பேரே வரலை. இந்தியாவுல கொதிச்சு எழுந்ததுக்கு அப்புறம்தான் இந்தியக் கைவினைதான் அதுக்கு மூலம்னு ஒத்துக்கிட்டாங்க. வருஷக் கடைசியில மகாராஷ்டிரா, கர்நாடகா கைவினைஞர்களை வச்சே செருப்பு செய்யுறதுக்கு ஒப்பந்தம் போட்டாங்க.

அதனால சட்டத்தை வச்சு இதுக்கு முடிவு கட்ட முடியாது, நான் அதைக் கேட்கவும் இல்ல. பக்கத்துப் பக்கத்துத் தறிக்காரங்க ஒருத்தர் கட்டத்தை ஒருத்தர் பார்த்து நெய்யிறதும், மேடையும் விளம்பரமும் கையில வச்சிருக்கிற நிறுவனம் எடுத்துக்கிறதும் ஒண்ணு கிடையாது. தறிக்காரங்களுக்குள்ள எடுக்கிறவர் நாளைக்குக் கொடுக்கிறவராவும் இருப்பார், யார் யாரைப் பார்த்துச் செஞ்சாங்கன்னு தெருவுக்கே தெரியும். பெரிய இடத்துல எடுக்கிறப்ப அந்தத் திரும்பி வர்ற பாதை அடைஞ்சு போயிடுது. பேர் சொல்றதும், செய்ய வேண்டிய வேலையை அவங்களுக்கே கொடுக்கிறதும் அந்தப் பாதையைத் திறந்து வைக்கிற வழிகள். பிராடாவே கடைசியில அங்கதான் வந்து நின்னது. முதல் நாளே அங்க வந்து நின்னிருந்தா கெட்டுப்போகப்போறது என்ன?

அடுத்த எதிர்வாதம் விலை. "கைத்தறி வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்கா? மெஷின் பொருள்தானே ஏழைக்குக் கட்டுப்படியாகும்?" இதை நான் முழுசா ஏத்துக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்த்து வீட்டை நடத்துற குடும்பங்கள் நம்மைச் சுத்தி எத்தனை! ஆலை வந்ததால இந்த மாவட்டத்துக்குச் சோறு வந்தது, அதை மறுத்துட்டுக் கைவினை பேசுறது அநியாயம். விசைத்தறியில ஓடுற லுங்கியும் நல்ல லுங்கிதான், லுங்கின்னு சொல்லி விக்கிற வரைக்கும். நான் கேட்கிறது, ஆலையும் கைவினைகிட்டேர்ந்து ஒழுங்காக் கத்துக்கலாமேன்னுதான். 1958லயே அதுக்கு வழி சொன்னவங்க உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசு கேட்டுக்கிட்டதால ஒரு அறிக்கை கொடுத்தாங்க. அதுல அவங்க ரொம்பப் புகழ்ந்தது ஒரு மாளிகையையோ சிலையையோ இல்ல, சாதாரணச் செம்பை. எவ்வளவு தண்ணி பிடிக்கணும், இடுப்புல வச்சா எப்படி உக்காரணும், தலையில வச்சா எப்படி, ஊத்தறப்ப எப்படிச் சாயணும், தேய்ச்சுக் கழுவ வசதியா இருக்கா, என்ன விலைன்னு தலைமுறை தலைமுறையா ஆயிரம் பேர் கேட்ட கேள்விகள்தான் அந்த வடிவம்னு விளக்கினாங்க. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961ல அகமதாபாத்துல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. பிளாஸ்டிக் கூடை செய்யுற ஆலை ஓலைப் பின்னலோட தோற்றத்தை வார்க்க வேண்டிய அவசியமே இல்ல. ஓலைக்கூடை எப்படிக் காத்தோட்டமா இருக்கு, ஏன் லேசா இருக்கு, விளிம்பு ஏன் அப்படி மடங்குதுன்னு படிச்சுட்டு பிளாஸ்டிக்குக்கு ஏத்த கூடையைச் செய்யட்டும். விலையும் ஏறாது, போலியும் ஆகாது.

மூணாவது எதிர்வாதம்தான் டிசைன் படிச்சவங்க வாயிலேர்ந்து அதிகமா வர்றது: "கைவினைஞர்கள் ஒரே மாதிரியையே திரும்பத் திரும்பச் செய்யுறாங்க. புதுமை நாங்கதான் கொண்டு வரணும்." இதை ஒத்துக்க முடியலைங்க. பழவேற்காட்டுல முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாச் செய்யுற பனை ஓலைப் பெட்டிகளை எடுத்துக்கோங்க. ஓலையைக் காயவச்சு, ஒரே அகலத்துக்குக் கிழிச்சு, வேணுங்கிறதுக்குச் சாயம் போட்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கோத்துப் பின்னுவாங்க. ஓலையில வளைவு வரைய முடியாது, எந்த உருவமும் படிப்படியாத்தான் ஏறும், இறங்கும். கீற்றோட அகலத்தைக் கொஞ்சம் குறைச்சா உருவம் நுணுக்கமாகும், ஆனா வேலை பல மடங்காகும். மூடி பெட்டி மேல இறுக்கமாவும் உக்காரணும், சுலபமாவும் கழலணும். இத்தனை முடிவுகளையும் கை தானா எடுக்குது. வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டு பெட்டி ஒரே மாதிரி தெரியுதுன்னா, பார்க்கத் தெரியலைன்னுதான் அர்த்தம். இந்த மாதிரி கைவினையில புதுமை பெரிய தாவலா வராது, சின்னச் சின்ன மாத்தமா வரும். அதைப் பிடிக்க நிறைய பெட்டிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும், செஞ்சவங்க கிட்ட "இதை ஏன் இப்படி மாத்தினீங்க?"ன்னு கேக்கணும்.

அதே சமயம் வெளி ஆளு கொண்டு வர்ற புதுமை பல நேரம் யார் தலையில விடியுதுன்னும் பாருங்க. ஒரு டிசைனர் கம்ப்யூட்டர்ல படம் போட்டு, "இந்த நிறப் பாவுல ஒரே ஒரு துணி நெய்து கொடுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றேன்"னு சொல்றது ரொம்ப சாதாரணமா நடக்கிற விஷயம். பாவு ஓட்டுறது சின்ன வேலை கிடையாது. நூலைச் சாயம் போடணும், எண்ணி ஓட்டணும், கஞ்சி போடணும், ஒவ்வொரு இழையாப் பிணைக்கணும். அதனாலதான் ஒரே பாவுல பல துணி நெய்யிறாங்க. ஒரே ஒரு மாதிரிக்காகப் பாவை மாத்தினா அந்த நஷ்டம் முழுக்கத் தறிக்காரர் தலையில. ஆனா ஊடையை மாத்துறது சுலபம், நாடாவுக்குள்ள இருக்கிற நூல் தாரை மாத்திப் போட்டாப் போதும். இது தெரிஞ்ச டிசைனர் என்ன பண்ணுவார்? தறியில ஏற்கெனவே ஏறியிருக்கிற பாவை அப்படியே வச்சுக்கிட்டு ஊடையில விளையாடுவார். மூணு நிறப் பாவு மேல புதுசா ஒரு ஊடை நிறம் வந்தா மூணு புதுக் கலப்பு நிறம் கிடைக்குமே! செலவும் குறைவு, விளைவும் அதிகம், நெசவாளிக்கும் நஷ்டம் இல்ல. முதல்ல நான் சொன்ன கருத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி என்கிட்ட கிடையாது: வேலையைத் தெரிஞ்சுக்கிட்டா டிசைனும் மேலாகுது, நடத்தையும் நேராகுது.

கடைசி எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. "அவங்க பிள்ளைகளே தறியை விட்டுட்டுக் கம்பெனி பஸ் ஏறுறாங்க. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை மாதிரி நெசவு ஊர்கள்ல இப்ப கேக்குற சத்தமே விசைத்தறிச் சத்தம்தான். போற தொழிலை நீங்க ஏன் இழுத்துப் பிடிக்கிறீங்க?" யாரையும் தறியில கட்டிப்போடணும்னு நான் சொல்லவே மாட்டேன். கூலி கட்டுப்படியாகலைன்னா பிள்ளைகள் போறதுதான் சரி. ஆனா இது முடிஞ்சுபோன தொழில்னு பேசுறது உண்மைக்குப் புறம்பானது. 2019-20ல எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புல 35 லட்சத்துக்கு மேல ஆட்கள் இந்தத் தொழில்ல இருந்தாங்க, அதுல பெரும்பான்மை பெண்கள். இத்தனை பேரோட அறிவை "பாரம்பரியம்"னு சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறதும் தப்பு, பரிதாபப்பட்டு வாங்குறதும் தப்பு. பரிதாபத்துல வாங்கினவங்க ஒரு தடவைதான் வாங்குவாங்க. டிசைன் அறிவுன்னு மதிச்சு வாங்குறவங்க மறுபடி வருவாங்க, மாதிரிக்கும் காசு கொடுப்பாங்க, நேரம் எடுக்கும்னா காத்திருப்பாங்க. தறியில உக்காரலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ அந்த மறு ஆர்டர்தான் பேசும், நம்ம பாராட்டு பேசாது.

அப்ப நடைமுறையில என்ன செய்யலாம்? வீட்டுக்கு ஏதாவது வாங்குறவங்க, சின்னதா துணிக்கடையோ வீட்டு அலங்காரக் கடையோ நடத்துறவங்க, டிசைன் படிக்கிற பிள்ளைங்க, எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன். பொருளைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கமும் விளிம்பும் முடிச்சும்தான் எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லும். "இது என்ன டிசைன்?"னு கேக்கிறதுக்குப் பதிலா "இதுல எது கஷ்டம்? எதை மாத்தினா சுலபம்?"னு கேளுங்க, உங்களுக்கு வேண்டிய யோசனை அந்தப் பதில்ல இருக்கும். மாதிரி செய்யச் சொன்னா பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் கூலி கொடுங்க. அவங்க வேலையைப் பார்த்து நீங்க வேற ஒரு பொருள்ல வேற ஒண்ணு செய்தா, ரொம்ப நல்லது, கலபாரிப் பெண்கள் அதைத்தான் செஞ்சாங்க. அப்பவும் எந்த ஊர், யார் வேலைன்னு அவங்க சம்மதத்தோட எழுதுங்க. இது நடக்காத காரியம்னு யாரும் சொல்ல முடியாது. 1935ல தொடங்கின கோ-ஆப்டெக்ஸே சில புடவைகள்ல நெய்தவரோட படத்தையும் பேரையும் சீட்டுல போட்டு வித்துக் காட்டியிருக்கு. அவ்வளவு பெரிய கூட்டுறவு அமைப்பால முடிஞ்சது, இன்ஸ்டாவுல பத்துப் பொருள் விக்கிற சின்னக் கடைக்கு முடியாதா?

பேர் போடுறது ஏதோ மரியாதைக்காகச் செய்யுற சடங்குன்னு நினைச்சுடாதீங்க. பேர் இருந்தாத்தான் அடுத்த வாடிக்கையாளர் நேரா அவங்களைத் தேடிப் போக முடியும். அப்படிப் போனா விலையை அவங்க சொல்ல முடியும். விலையை அவங்க சொன்னா, அடுத்த மாதிரியைத் தன் இஷ்டத்துக்குச் செஞ்சு பார்க்க அவங்களுக்குக் கொஞ்சம் நேரமும் தைரியமும் கிடைக்கும். நாம தேடுற புது டிசைன் அந்த நேரத்துலதான் பிறக்கும். "கைவினைஞர்களால ஈர்க்கப்பட்டு"ன்னு எழுதுற ஒவ்வொரு கடையும் அந்த வரிக்குப் பக்கத்துல ஊரையும் பேரையும் சேர்க்கட்டும். சேர்க்க முடியலைன்னா அந்த வரியை எடுத்துடட்டும். வாங்குற நாமளும் அதைக் கேட்டு வாங்குவோம்.